வாழும் மண்ணும் வாக்குரிமையும்

ஒரு நாட்டின் சட்டம் எவர் தோளில் சுமையாக இறங்குகின்றதோ, அவரே அச்சட்டத்தை ஆக்குவோரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உடையவர். மக்களாட்சி என்னும் சொல்லுக்கு இதனினும் எளிய விளக்கம் இல்லை. அரிசி விலை ஏறினால் எவர் வயிறு காயுமோ, ஊர்க் கண்மாய் தூர்ந்தால் எவர் வயல் வறளுமோ, பள்ளியில் வேற்றுமொழி திணிக்கப்பட்டால் எவர் பிள்ளையின் நாக்குத் தடுமாறுமோ, அவர் கையில் இருக்க வேண்டியதே வாக்குச் சீட்டு. இவ்வுண்மையை எவரும் வெளிப்பட மறுப்பதில்லை. ஆனால், பிறந்த நாட்டை விட்டு நீங்கி அயல்நாட்டிலேயே நிலையாகத் தங்கிவிட்ட குடிமகனுக்கும் அவ்வுரிமை தொடர வேண்டுமா என்று வினவினால், ஆளுக்கொரு விடை வருகின்றது. ஒரே அரசு காலத்துக்கொரு விடையும் கூறுகின்றது.

இந்திய ஒன்றியத்தில் நெடுங்காலம் இருந்த நெறி, குடியிருக்கும் ஊரில்தான் வாக்கு என்பது. 1950ஆம் ஆண்டின் தேர்தல் சட்டம் ஒரு தொகுதியில் இயல்பாகக் குடியிருப்போரை மட்டுமே அத்தொகுதியின் பட்டியலில் ஏற்றது. படையினர்க்கும், அரசுப் பணியின்பொருட்டு அயல்நாடுகளில் அமர்த்தப்பட்டோர்க்கும் மட்டும் விலக்களித்தது. பிழைப்புத் தேடிக் கடல் கடந்தவன் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டது. 2010ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பெற்று, 2011 முதல் நடைமுறைக்கு வந்தது. புதிதாகச் சேர்த்த 20அ என்னும் பிரிவின்படி, வேறு நாட்டுக் குடியுரிமை பெறாத எந்த இந்தியக் குடிமகனும், வேலைக்காகவோ படிப்புக்காகவோ பிறவற்றுக்காகவோ வெளிநாட்டில் இருப்பினும், தன் கடவுச்சீட்டில் குறித்துள்ள ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்கலாம். அவன் வெளியே இருப்பது இடைக்காலமாக இருந்தாலும் சரி, இல்லாவிடினும் சரி என்று அச்சட்டம் வெளிப்படையாகவே கூறுகின்றது. மூன்று ஆண்டுக்குப் போனவனும் முப்பது ஆண்டுக்குப் போனவனும், திரும்புவோனும் திரும்பாதோனும், அதன் கண்ணுக்கு ஒன்றே.

கொடுத்த கையாலேயே அச்சட்டம் பறித்தும் கொண்டது. பெயரைப் பதிந்தவன் தேர்தல் நாளன்று, தன் கடவுச்சீட்டோடு, சொந்த ஊர் வாக்குச்சாவடிக்கு நேரில் வந்து நிற்றல் வேண்டும். துபாயில் சாரத்தின்மேல் நின்று பூச்சு வேலை செய்யும் புதுக்கோட்டைத் தொழிலாளி, ஒரு நாள் வாக்குக்காக வானூர்தி ஏறி வருவானா? அவன் முதலாளி விடுப்புத் தருவானா? கடன் வாங்கிப் போனவன், அக்கடன் அடையுமுன் இன்னொரு கடன் வாங்கி வாக்களிப்பானா? விளைவு கண்கூடு. 2019ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஏறத்தாழ ஓரிலக்கம் பேர் அயல்நாட்டு வாக்காளராகப் பதிந்திருந்தனர். வந்து வாக்களித்தோர் 25,000 பேரளவினர். அவரும் அநேகமாக அனைவரும் கேரளத்தார். 2024ஆம் ஆண்டில் பதிந்தோர் தொகை ஏறத்தாழ 1,20,000; வாக்களித்தோர் 3,000 பேருக்கும் குறைவு. வெளிநாடுகளில் வாழும் இந்தியக் குடிமக்கள் கோடிக்கு மேற்பட்டோர் என்பதை நினைந்தால், இஃது உரிமை என்னும் பெயரில் தாளில் வரைந்த சோறு என்பது விளங்கும். அந்தச் சோற்றையும் உண்ணக்கூடியவன், நினைத்தபோது வானூர்திச் சீட்டு வாங்கும் வசதியுடையவன் மட்டுமே.

இங்கேதான் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். வெளிநாட்டில் இருப்போர் எல்லாரும் ஒரே நிலையினர் அல்லர்.

சவூதி அரேபியாவிலும் குவைத்திலும் கத்தாரிலும் உழைப்பவன், அங்கே எத்தனை ஆண்டு வியர்வை சிந்தினாலும் அந்நாட்டுக் குடிமகன் ஆவதில்லை. வேலை முடிந்த நாளில் அவன் வெளியேறியே ஆகவேண்டும். அவன் வீடும் மனைவி மக்களும் இங்கே. ஈட்டிய பணம் இங்கே. அவன் முதுமையும் இங்கேதான். அவன் பிள்ளை படிக்கும் பள்ளியையும், அவன் தாய் படுத்திருக்கும் மருத்துவமனையையும் நடத்துவது இங்குள்ள அரசு. வேலை வாங்கித் தருவதாகக் கூறி ஏய்க்கும் முகவனை ஒடுக்க வேண்டியதும், அயலில் இறந்துபட்டால் அவன் உடலை ஊர் சேர்க்க வேண்டியதும் இங்குள்ள அரசே. அவனுக்கு அங்கும் வாக்கில்லை, இங்கும் வாக்கில்லை. இரண்டு கரைக்கும் நடுவில் குடியுரிமையற்றவன் போலத் தவிப்பவன் அவனே.

மற்றொருவன் மேலைநாடு ஒன்றில் குடும்பத்தோடு நிலைத்துவிட்டவன். வீடும் அங்கே, பிள்ளைகளின் படிப்பும் வாழ்வும் அங்கே. குறித்த ஆண்டுகள் கழிந்தபின் அந்நாட்டுக் குடியுரிமை கேட்கும் வாயிலும் அவனுக்குத் திறந்திருக்கின்றது. அவன் பழைய கடவுச்சீட்டை வைத்திருப்பது தன் விருப்பத்தாலேயே. இங்கு நிலவரி உயர்ந்தாலும், மின்வெட்டு வந்தாலும், குடிநீர் வற்றினாலும் அவனைத் தொடுவதில்லை. இவ்விருவரையும் ஒரே தட்டில் நிறுத்தியது சட்டத்தின் முதற்குற்றம். நிறுத்தியபின் ஏழையால் எட்ட முடியாத உயரத்தில் அவ்வுரிமையைத் தொங்கவிட்டது இரண்டாம் குற்றம்.

நிலையாகப் பெயர்ந்தோர்க்கும் வாக்குரிமை வேண்டுமென்பார் கூறும் கரணியங்கள் புறந்தள்ளத் தக்கன அல்ல. குடியுரிமையோடு பிறந்ததே வாக்குரிமை, வீட்டு முகவரியோடு பிறந்ததன்று என்பர். கனடாவின் உச்ச நயன்மன்றம் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ இக்கொள்கையையே ஏற்று, ஐந்தாண்டுக்கு மேல் வெளியே வாழ்வோர்க்கு வாக்கில்லை என்றிருந்த பழைய நெறியைச் செல்லாததாக்கியது. பிறந்த மண்ணின்மேல் உள்ள பற்றுக்குக் காலவரை இல்லை என்பர்; அதுவும் உண்மையே. இங்கிலாந்தின் ஆரி சிண்டுலர் என்பார் இரண்டாம் உலகப் போரில் தம் நாட்டுக்காகப் போரிட்டவர். 1982இல் இத்தாலியில் குடியேறிய அவர்க்கு, பதினைந்தாண்டு கடந்ததென்று வாக்குரிமை மறுக்கப்பட்டது. அவர் தொடுத்த வழக்கில், அவ்வரம்பு உரிமைமீறல் ஆகாதென்று ஐரோப்பிய மாந்தவுரிமை நயன்மன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. பின்னர் 2022ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வரம்பை நீக்கியது. ஆனால் அது நடைமுறைக்கு வந்த 2024 சனவரியைக் காணாமலே, 2023இல், தம் 101ஆம் அகவையில் அவர் மறைந்தார். இத்தகையோர் பற்றினை எவர் ஐயுறுவார்?

எனினும், பற்று வேறு. ஆளும் உரிமை வேறு. குடியுரிமையை எவரும் பறிக்கவில்லை. திரும்பி வரும் உரிமையையும் பறிக்கவில்லை. வாக்கு என்பது தன்னைத் தான் ஆள்வது மட்டுமன்று. பிறரை ஆள்வதும் ஆகும். தன் வாக்கால் வந்த ஆட்சியின் கீழ்த் தானும் வாழ்வான் என்பதே ஒவ்வொரு வாக்காளனும் பிறர்க்குத் தரும் பிணை. அப்பிணை இல்லாதவன் வாக்கு, அறுவடையில் பங்கு கேட்டு, வெள்ளத்தில் பங்கு மறுப்பது போன்றது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பது நாட்டுமக்கள் வழக்கு.

வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்புகின்றாரே, அதற்காகவேனும் வாக்குத் தரலாகாதா என்பாரும் உளர். இது தீங்கான வழக்கு. பணம் அனுப்புவதால் வாக்கு என்றால், மிகுதியாக அனுப்புவோனுக்கு மிகுதியான வாக்கு என்றாகும். சொத்துள்ளோர்க்கே வாக்கு என்றிருந்த வெள்ளையர் காலத்து நெறியை மக்கள் போராடி ஒழித்தது, அதனைக் கடல் வழியாக மீண்டும் வரவேற்பதற்கன்று. வருமான வரி கட்டாத கூலியாளுக்கும் வாக்குண்டு; அவன் இம்மண்ணில் வாழ்கின்றான் என்பதே அதற்குப் போதிய தகுதி.

சில வாக்குகளால் என்ன ஆகிவிடும் என்று ஒதுக்கவும் இயலாது. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டுத் தேர்தலில் இராதாபுரம் தொகுதி முடிவு 49 வாக்கு வேறுபாட்டிலும், 2021இல் தியாகராய நகர் முடிவு 137 வாக்கு வேறுபாட்டிலும் அமைந்தன. இத்தாலியில் 2006ஆம் ஆண்டுத் தேர்தலில் மேலவையின் பெரும்பான்மை எப்பக்கம் என்பதை முடிவு செய்தவர்கள், வெளிநாட்டு வாக்காளர் தேர்ந்தெடுத்த ஆறு உறுப்பினரே. அவ்வாக்காளருள் பலர், தாத்தன் வழியில் குடியுரிமை பெற்று, இத்தாலி மண்ணில் ஒருநாளும் வாழாதவர்கள்.

இத்தொல்லையை நாடுகள் பலவாறு தீர்க்க முயன்றுள்ளன. இங்கிலாந்து 1985இல் ஐந்தாண்டு என்றது. 1989இல் இருபது என்றது. 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால் பதினைந்து என்றது. இப்பொழுது வரம்பே இல்லை என்கின்றது. அந்நாற்பதாண்டுகளில் குடிமையின் பொருள் மாறிவிடவில்லை. கட்சிகளின் கணக்கே மாறியது. அயர்லாந்து, ஒருசில அரசுப் பணியாளர் நீங்கலாக, நிலையாக வெளியேறியோர்க்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு அளிப்பதில்லை. பிரான்சு, உலகத்தையே பதினொரு தொகுதியாகப் பகுத்து, 2012 முதல் வெளிநாடுவாழ் குடிமக்களுக்கெனத் தனி உறுப்பினர்களை அமைத்துள்ளது. அவர்கள் வாக்கு உள்ளூர்த் தொகுதி எதனையும் சாய்ப்பதில்லை. பிலிப்பைன்சு நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டமோ தொழிலாளியையும் குடியேறியவனையும் தெளிவாக வேறு பிரித்தது. உழைக்கப் போனவன் தூதரகத்திலேயே வாக்களிக்கலாம். அயலில் நிலைத்தவன், மூன்றாண்டுக்குள் திரும்பி வந்து குடியிருப்பதாக உறுதி எழுதித் தந்தால் வாக்களிக்கலாம் என்றது. 2013இல் அவ்வுறுதிமொழி நீக்கப்பட்டதாயினும், அதன் அடியில் இருந்த அறம் பழுதுடையதன்று.

தமிழர்க்கு இவ்வினா வெறும் சட்ட நுணுக்கம் அன்று. குருதி கசிந்த வரலாறு. இலங்கையின் மலைநாட்டில் காட்டைத் திருத்தித் தேயிலை விளைத்த தமிழர்கள் 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தம் கட்சியினர் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். அடுத்த ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்து, அத்தேயிலைச் செடிகளின் அடியிலேயே புதையுண்டவர்கள், அந்நாட்டுக்கு உரியவர் அல்லர் என்றனர். 1964இல் சிரிமாவோவும் இலால் பகதூர் சாத்திரியும் செய்த உடன்படிக்கையில் 9,75,000 பேர் கணக்கில் வைக்கப்பட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டனர். வாழ்ந்த மாந்தரை வாழைத்தார் போலச் சீப்புச் சீப்பாகப் பிரித்தபோது, அம்மாந்தரை ஒரு சொல் கேட்டாரில்லை. கேட்பதற்கு அவர்கள் கையில் வாக்கில்லையே!

இன்னொன்றும் உண்டு. 1983க்குப் பின் ஈழத்திலிருந்து ஓடிவந்து, தமிழ்நாட்டு முகாம்களில் நாற்பதாண்டுக்கு மேலாக வாழும் தமிழர்களுள் பெரும்பாலோர்க்கு இன்றும் இந்தியக் குடியுரிமையும் இல்லை, வாக்கும் இல்லை. இம்மண்ணின் சட்டம் நாள்தோறும் அவர்களை ஆள்கின்றது. முகாமை விட்டு வெளியே செல்வதற்கும் சட்டம், திரும்புவதற்கும் சட்டம். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே மணந்து, தம் பிள்ளைகளையும் இங்கேயே பெற்றவர்கள், வாக்குச்சாவடிக்கு வெளியே நிற்கின்றார்கள். முப்பதாண்டாக இம்மண்ணில் அடி வைக்காதவன் கடவுச்சீட்டை நீட்டி உள்ளே போகலாம்! தாளைப் பார்க்கும் சட்டம் மாந்தனைப் பார்க்கவில்லை.

ஆகவே செய்ய வேண்டுவன தெளிவானவை.

முதலாவது, உழைப்புக்காகவும் படிப்புக்காகவும் சென்று, மீளவிருப்போர் அனைவர்க்கும், இருக்குமிடத்திலேயே வாக்களிக்கும் வழியை உண்டாக்குதல் வேண்டும். 2018இல் மக்களவை நிறைவேற்றிய சட்டமுன்வடிவு மாற்றாள் வழியாக வாக்களிக்கலாம் என்றது. மாநிலங்களவையில் நிறைவேறாமலே 2019இல் அது மடிந்தது. மடிந்தது நன்றே. மாற்றாள் கையில் கொடுத்த வாக்கு, ஊர்ப் பெரும்புள்ளியின் கையில் கொடுத்த வாக்காகும். தேர்தல் ஆணையம் 2020இல் முன்மொழிந்த மின்வழி அஞ்சல் வாக்கோ, தூதரகத்தில் வாக்குப்பெட்டியோ, மறைவு கெடாத முறை ஒன்று வேண்டும். படையினர்க்கு இயன்றது தொழிலாளிக்கு இயலாததன்று.

இரண்டாவது, அயல்நாட்டில் நிலையாகக் குடியேறி, அந்நாட்டுக் குடியுரிமை பெறும் வாயிலும் உடையோர்க்கு வாக்குரிமை ஒரு காலவரையோடு நிற்றல் வேண்டும். திரும்பி வந்து குடியமர்ந்த அன்றே அது தடையின்றி மீளவும் வேண்டும். வேண்டுமாயின், பிரான்சு போல அவர்கட்கெனச் சில தனி உறுப்பினர்கள் இருக்கட்டும். அவர்கள் குரலும் கேட்கட்டும். உள்ளூர்த் தொகுதியின் முடிவு உள்ளூரார் கையிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, இம்மண்ணில் தலைமுறையாக வாழ்ந்தும் உரிமையற்றிருக்கும் ஈழத்தமிழர்களில் இங்கேயே தங்க விழைவோர்க்குக் குடியுரிமையும் வாக்குரிமையும் அளித்தல் வேண்டும்.

கடல் கடந்த தமிழர்களின் அன்பைத் தமிழகம் என்றும் மறவாது. அவர்கள் பொருளும் அறிவும் தொண்டும் வரவேற்கத் தக்கன. ஆனால், தாய்வீட்டின் அடுப்பில் என்ன உலை ஏற்றுவது என்பதை, அவ்வீட்டில் பசித்திருப்போரே முடிவு செய்வர். பசித்த வயிற்றோடு அயலில் உழைத்துக்கொண்டு, இவ்வீட்டுக்கே திரும்பவிருக்கும் மகனுக்கும் அம்முடிவில் பங்குண்டு. நாற்பதாண்டாக இவ்வீட்டுத் திண்ணையில் நிற்கும் உறவுக்கும் பங்குண்டு. இவ்விருவரையும் வெளியே நிறுத்திவிட்டு நடத்தும் தேர்தல், எத்தனை கோடி வாக்குகளை எண்ணினாலும், முழுமையான மக்களாட்சி ஆகாது.