காணி உறுதியும் கடவுளிடம் ஒரு கேள்வியும்

செபிக்க வேண்டுமானால் மனதில் முறைப்பாடு இருக்கக்கூடாது என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். திருவிவிலியம் அப்படிச் சொல்லவில்லை. எரேமியா நூலின் 32ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள்.

எருசலேமைப் பாபிலோனியப் படை முற்றுகையிட்டிருந்த வேளை அது. இறைவாக்கினரோ காவலில் அடைபட்டிருந்தார். அந்நிலையிலும் ஆண்டவரின் சொற்படி, அனத்தோத்திலிருந்த உறவினரின் காணியை 17 செக்கேல் வெள்ளிக்கு வாங்கினார். சாட்சிகள் ஒப்பமிட்டனர், உறுதியை மட்பாண்டத்தில் பத்திரமாக வைக்கச் செய்தார்.

அதன் பின்னரே செபித்தார். கடவுளின் வல்லமையைப் புகழ்ந்தார். எகிப்திலிருந்து மக்களை மீட்டதை நினைவுகூர்ந்தார். மக்களின் தவறுகளையும் மறைக்கவில்லை. இறுதியில், நகரமே பகைவர் கைக்குப் போகையில் காணி எதற்கு என்று நேராகவே கேட்டார். கேட்டதற்காகக் கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. அந்நாட்டில் மீண்டும் வயல்கள் வாங்கப்படும் என்று வாக்களித்தார்.

ஊரையும் வயலையும் விட்டு வந்தோருக்கு இது நல்ல பாடம். கேள்வியை அடக்கிக்கொண்டு சொல்லும் செபத்தைவிட, கேள்வியோடு சொல்லும் செபமே உண்மையானது. அதேவேளை, செபம் நம் கடமையை நிறுத்திவிடுவதில்லை. உறுதிகளைப் பத்திரப்படுத்துங்கள், பிரதிகள் எடுத்து வையுங்கள், காணியின் எல்லைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பின்பு முழந்தாளிட்டு, மனதில் உள்ளதை எல்லாம் ஆண்டவரிடம் கேளுங்கள்.