பத்து நிமிட ஓட்டம் பற்றரியைக் காப்பாற்றாது

மார்கழி பிறந்துவிட்டால் ரொறன்ரோத் தமிழ்க் குடும்பங்களில் கார்ச் சாவிகள் கைமாறத் தொடங்கும். ஊருக்குப் போகிறவர்கள், மகளின் பிள்ளைப்பேறு பார்க்க லண்டன் போகிறவர்கள், ஸ்நோவில் கார் ஓட்ட அஞ்சும் முதியவர்கள் என்று எல்லோரும் சாவியைப் பக்கத்து வீட்டிலோ மருமகனிடமோ ஒப்படைத்து ஒரே வேண்டுகோளை வைப்பார்கள்: “தம்பி, கிழமைக்கு ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணி ஒரு பத்து நிமிசம் ஓடவிடுங்கோ. இல்லாட்டி பற்றரி செத்துப்போகும்.” தம்பியும் சொன்ன சொல் தவறாமல் வேலை முடிந்து வந்த களைப்போடு பனியை வழித்து, காரை முடுக்கி, உள்ளே நடுங்கியபடி உட்கார்ந்திருப்பார். இரண்டு மாதம் கழித்து வந்தவர் சாவியைத் திருப்பினால் ‘டிக், டிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும். பழி கனடாக் குளிரின் மேல் விழும். அடுத்த மார்கழியில் அதே வேண்டுகோள், அதே தம்பி.

இந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும் என்று எழுதுகிறேன். நல்ல மனதோடு செய்யப்படுவதால்தான் இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. இது பற்றரியைக் காப்பாற்றுவதில்லை. காப்பாற்றியாகிவிட்டது என்ற நிம்மதியைக் கொடுத்து, உண்மையில் செய்ய வேண்டியதைச் செய்யவிடாமல் தடுக்கிறது. சில வீடுகளில் உயிருக்கே ஆபத்தாகவும் முடிகிறது.

கணக்கைப் பார்ப்போம். நிறுத்தி வைத்த கார் முழுதாக உறங்குவதில்லை. திருட்டு அலாரம், சாவியின் சமிக்ஞையை எதிர்பார்த்திருக்கும் கருவி, கணினிகளின் நினைவகம் எல்லாம் பற்றரியிலிருந்து சொட்டுச் சொட்டாக மின்சாரம் எடுத்துக்கொண்டே இருக்கும். பழுதில்லாத காரில் இது பெரும்பாலும் 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை. நடுவே 30 என்று வைத்தால், நாளொன்றுக்கு 0.72 அம்பியர் மணி, கிழமைக்கு 5 அம்பியர் மணி. சாதாரணக் கார்ப் பற்றரியின் கொள்ளளவோ 60 அம்பியர் மணி அளவுதான். இனி வரவு. எஞ்சின் சும்மா ஓடும்போது ஒல்டர்னேற்றர் தன் முழுத் திறனைத் தருவதில்லை. குளிர்ந்து கிடக்கும் பற்றரியும் மின்னேற்றத்தை வேகமாக உள்வாங்காது, ஏனென்றால் அதற்குள் நடக்கும் வேதிவினையே குளிரில் மந்தமாகிவிடும். ஆனாலும் தாராளமாக, பத்து நிமிடமும் 10 அம்பியர் உள்ளே போனதாகவே வைத்துக்கொள்வோம். சேர்வது 1.7 அம்பியர் மணி. கிழமைக்கு ஐந்து போய் ஒன்றே முக்கால்கூட வராத இடத்தில் எந்தப் பற்றரி நிறையும்?

அந்த 1.7 கூட நடைமுறையில் கிடைப்பதில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர் மனிதர், அவருக்குக் குளிரும். ஹீற்றர் விசிறியையும் இருக்கைச் சூட்டையும் பின்கண்ணாடிச் சூட்டையும் போடுவார். பின்கண்ணாடிக் கம்பிகள் மட்டுமே 15 அம்பியருக்கு மேல் இழுக்கக்கூடும். கதவைத் திறந்த கணத்தில் விழித்துக்கொள்ளும் கணினிகள், பல கார்களில், பூட்டிவிட்டுப் போன பிறகும் சில நிமிடங்கள் விழித்தே இருக்கும். ஸ்ரார்ட் செய்வதுதான் பற்றரியை வற்ற வைக்கிறது என்று சிலர் சொல்வார்கள், அதுவும் சரியில்லை. 200 அம்பியரை மூன்று விநாடி இழுத்தாலும் போவது 0.17 அம்பியர் மணிதான், அது சீக்கிரமே திரும்பி வந்துவிடும். வராமல் போவது, அந்தக் கிழமை முழுதும் கசிந்த ஐந்து.

“நான் வருசாவருசம் இப்பிடித்தான் செய்யிறன், எனக்கு ஒருநாளும் பிழைச்சதில்லை” என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் காரணம் வேறு. புதிய, முழுதாக மின்னேறிய 60 அம்பியர் மணிப் பற்றரி நான்கு கிழமையில் 20 அளவுதான் இழக்கும். மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சியிருக்க, யாரும் தொடாமல் விட்டிருந்தாலும் அந்தக் கார் முதல் திருப்பிலேயே கிளம்பியிருக்கும். பற்றரியின் பலத்துக்குக் கிடைக்க வேண்டிய புகழைப் பத்து நிமிட ஓட்டம் வாங்கிக்கொண்டது. அதே அறிவுரை, ஐந்து வயதான பற்றரியோடு, வேலைக்கும் கடைக்கும் குட்டிக் குட்டித் தூரம் மட்டுமே ஓடி ஏற்கெனவே முக்கால் நிலையில் நிற்கும் காருக்குப் போகும்போது தோற்கிறது. புதிதாக நாட்டுக்கு வந்து, பழைய கார் ஒன்றை வாங்கி, விடியற்காலை ஷிப்ற்றுக்கு ஓடுகிறவரிடம் இருப்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட கார்தான். அவருக்கு இந்த அறிவுரை ஒருநாள் சம்பளத்தைப் பறித்துவிடும்.

குளிர்தான் எதிரி என்ற எண்ணமும் இதோடு சேர்ந்தே வருகிறது. மைனஸ் 18 பாகையில் பற்றரி தன் பலத்தில் ஏறக்குறையப் பாதியை இழக்கும் என்பது மெய். எஞ்சின் ஒயில் தடித்துப்போய் ஸ்ரார்ட்டருக்கு வேலையும் கூடும். ஆனால் பற்றரி தானாக வற்றும் வேகம் குளிரில் குறைகிறது, கூடுவதில்லை. அதன் தகடுகளை உண்மையில் அரிப்பது ஆடி, ஆவணி வெயிலில் எஞ்சின் மூடிக்குள் ஏறும் வெப்பம். அந்தச் சேதம் தையில்தான் வெளியே தெரிகிறது. முழுதாக நிறைந்த பற்றரிக்குள் இருக்கும் அமிலம் செறிவானது. மைனஸ் 50 பாகையிலும் உறையாது, வினிப்பெக்கின் தைமாதமும் அதை ஒன்றும் செய்யாது. வற்றிய பற்றரிக்குள் இருப்பதோ பெரும்பாலும் தண்ணீர். மைனஸ் 10 பாகை அளவிலேயே உறைந்து, தகடுகளை வளைத்து, பெட்டியை வெடிக்க வைத்துவிடும். நிறைவு குறைந்தபடியே கிடந்தால் தகடுகளில் படியும் ஈய சல்பேற்று கெட்டியான பளிங்காகிவிடும், பிறகு எவ்வளவு மின்னேற்றினாலும் முழுதாகக் கரையாது. அரைகுறையாக நிரப்பி அரைகுறையாகவே வைத்திருப்பதைத்தான் பத்து நிமிட ஓட்டம் மாதக்கணக்கில் செய்கிறது.

எஞ்சினுக்கும் அது கேடு. குளிரில் பெற்றோல் முழுதாக எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே வடிந்து ஒயிலில் கலக்கும். எரிதலில் உண்டாகும் நீராவி, புகைக்குழாய்க்குள்ளும் ஒயில் தட்டிலும் தண்ணீராகப் படியும். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறினால் இரண்டும் ஆவியாகிப் போய்விடும். பத்து நிமிடத்தில் நிறுத்தினால் அங்கேயே தங்கித் துருப்பிடிக்க வைக்கும்.

இவை எல்லாம் காசோடு போகும் சேதங்கள். என்னைக் கோபப்பட வைப்பது இன்னொன்று. வெளியே மைனஸ் 20 என்றால், காரைக் கராஜுக்குள்ளேயே வைத்து ஓடவிடுகிறார்கள். கதவைப் பாதி திறந்துவிட்டோமே என்பார்கள். குளிர்ந்த எஞ்சின் காபன் மொனொக்சைட்டை அதிகமாகக் கக்கும் நேரமே அந்த முதல் நிமிடங்கள்தான். அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. வீட்டோடு ஒட்டிய கராஜிலிருந்து கதவிடுக்கு வழியாகவும் மேலே உள்ள படுக்கையறைத் தளத்தின் ஊடாகவும் ஏறும். தலையிடிக்கிறது என்று படுக்கப் போகிறவர் எழும்பாமல் போகலாம். கதவைத் திறந்து வைப்பது போதாது; கராஜுக்குள் எஞ்சின் ஓடவே கூடாது. கைபேசியால் தூரத்திலிருந்து காரை முடுக்கும் வசதி வந்தபின் ஆபத்து கூடியிருக்கிறது. வேலைத்தலத்தில் இருந்துகொண்டு, வீட்டில் அம்மாவும் பிள்ளைகளும் தூங்கும்போது பற்றரிக்காக ஒருவர் கராஜுக்குள் நிற்கும் காரை ஓடவிடக்கூடிய நிலை இன்று இருக்கிறது. ஒரு பற்றரிக்காக இதை யாரும் செய்யக்கூடாது.

என்ன செய்வது? கராஜில் மின்செருகி இருந்தால் ஒரு ‘மெயின்ரெயினர்’ வாங்கிப் பொருத்திவிட்டுப் போகலாம். பற்றரி நிறைந்ததும் தானே அடங்கி, குறைந்ததும் தானே தொடரும் சிறு கருவி. பனியில் நின்று பூஸ்ட் பண்ணித் தருகிறவருக்கு ஓரிரு தடவை கொடுக்கும் காசில் அது கிடைத்துவிடும். எஞ்சின் தானாக நின்று தானாகக் கிளம்பும் புதிய கார்களில் ஏஜிஎம் வகைப் பற்றரி இருக்கக்கூடும், அதற்கு ஏற்ற கருவியா என்று மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

மாடிக் குடியிருப்பின் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில் மின்செருகிக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். அங்கே வழி இன்னும் எளிது. புறப்படும் முன் பற்றரியை முழுதாக நிரப்புங்கள், பிறகு பெரும்பாலான கார்களில் 10 மில்லிமீற்றர் ஸ்பானரால் மறை முனையைக் கழற்றிவிடுங்கள். கசிவு அந்தக் கணத்தோடு நின்றுவிடும். நிறைந்து, கழன்று, குளிரில் கிடக்கும் பற்றரி மாதக்கணக்கில் கெடாது. மணிக்கூடும் ஜன்னலின் தானியங்கி அமைப்பும் அழிந்துபோகலாம், சில பழைய கார்களில் வானொலி கடவுஎண் கேட்கலாம். அதற்காகப் பற்றரியைச் சாகவிட வேண்டுமா? பற்றரி டிக்கிக்குள் இருக்கும் காரென்றால் மட்டும், கழற்றிய பின் மின்பூட்டு திறக்காது என்பதை நினைவில் வைத்து, கையால் திறக்கும் வழியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

தம்பிதான் பார்த்தாக வேண்டுமென்றால், காப்புறுதி இடம் கொடுக்குமானால், இரண்டு கிழமைக்கு ஒருமுறை 401 நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரமாவது ஓட்டிவரச் சொல்லுங்கள். எஞ்சின் முழுதாகச் சூடேறும், பற்றரிக்கும் உருப்படியாக ஏதாவது போய்ச் சேரும்.

இத்தனைக்கும் பிறகு பற்றரி படுத்துவிட்டால், பெட்டி வீங்கியிருக்கிறதா, உள்ளே உறைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி இருந்தால் பூஸ்ட் கேபிளைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், வெடிக்கும். நல்ல நிலையில் இருந்தால் பூஸ்ட் பண்ணலாம். கடைசிக் கறுப்புக் கவ்வியைச் செத்த பற்றரியில் மாட்டாமல், அதிலிருந்து எட்ட, எஞ்சினின் வெறும் இரும்பில் மாட்ட வேண்டும். கிளம்பியதும் இருபது நிமிடம் ஓட்டினால் நிறைந்துவிடும் என்பது பத்து நிமிட நம்பிக்கையின் உடன்பிறப்பு. அடிவரை வற்றிய பற்றரி நிறைய, வீட்டுச் சார்ஜரில் ஓரிரவாவது வேண்டும். அப்படி நிரப்பிக் கழற்றி வைத்து, மறுநாள் மீற்றரில் பாருங்கள். 12.6 வோல்ற்று காட்டினால், கடையில் சுமை ஏற்றிப் பார்க்கும் சோதனை ஒன்று செய்துவிட்டுத் தொடர்ந்து பாவிக்கலாம். 12.4-க்குக் கீழே நின்றால், இன்னொரு பனிக்காலத்துக்கு அதை நம்பாமல் மாற்றிவிடுங்கள்.