பிள்ளைகள் நினைவில் நின்ற சேனாதிபதி

தந்தை மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் பிள்ளைகளின் உள்ளத்தில் நின்று நிலைப்பவை யாவை என்று எண்ணிப் பார்ப்போமாயின், ஊரும் உலகமும் அவரைப் புகழ்ந்த காரணங்களாக அவை பெரும்பாலும் இருப்பதில்லை. அவர் வீடு திரும்பும் வேளை, கதிரையில் அமரும் விதம், கடைசி நோயின்போது வாய்விட்டுச் சொல்லாமல் விழுங்கிக்கொண்ட வேதனை, இவையே மறக்க மாட்டாதனவாகின்றன. இவ்வாரம் நாம் வாசக நேயர்கள் முன் கொண்டுவரும் தந்தை ஓர் அமெரிக்கர், போர்வீரர், இருமுறை தம் நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர். யுலிசிஸ் கிராண்ட் என்னும் அவருடைய பெயரைச் சரித்திர மாணவர்கள் 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய அதிகாரத்திற் கண்டிருப்பர். நாம் இங்கே சொல்லப் புகுவது அவர் வென்ற போரைப் பற்றியன்று. அவருடைய கடைசி மாதங்களைப் பற்றியே.

ஆயினும் முன்கதை சிறிது வேண்டும். 1822ஆம் ஆண்டு ஒஹாயோ மாநிலத்தில் ஒரு தோல் பதனிடுவோரின் மகனாகப் பிறந்த கிராண்ட், இராணுவக் கல்லூரியிற் பயின்று, மெக்சிக்கோப் போரிற் சேவை செய்து, 1854இல் பதவியைத் துறந்து வீடு திரும்பினார். அதன் பின் வந்த ஆண்டுகள் மிகவும் கொடியவை. பயிர்ச்செய்கை கைகூடவில்லை. செயின்ட் லூயிஸ் நகரத் தெருக்களில் விறகு விற்றார். 1857ஆம் ஆண்டு நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு நாட்களுக்கு முன் தம் கைக்கடிகாரத்தை, இல்லை, அக்காலத்து வழக்கப்படி சட்டைப்பையில் வைக்கும் கடிகாரத்தை, அடகு வைத்தார். முடிவில் கலினா என்னும் சிற்றூரில் தந்தையின் தோற்கடையில் எழுத்தராக அமர்ந்தார். அந்நாட்களிலே மாலையில் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றதும், இரண்டு வயதுக் கடைக்குட்டி ஜெசி சண்டைக்கு வரும்படி சவால் விடுவானாம். தந்தை தாம் சமாதானப் பிரியர் என்று முதலிற் சொல்லிப் பார்ப்பார். பின் இருவரும் தரையில் உருண்டு மல்லுக்கட்டுவர். வெற்றி எப்போதும் சிறுவனுக்கே. ஐந்து ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டின் படைகள் அனைத்துக்கும் தலைவரான மனிதர் இவர்தாம் என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்களாக.

அவருக்கு மக்கள் நால்வர்: பிரெட், பக் என்று செல்லப்பெயர் பெற்ற இளைய யுலிசிஸ், நெல்லி, ஜெசி. மூத்தவன் பிரெட் பன்னிரண்டு வயதிலேயே 1863ஆம் ஆண்டு விக்ஸ்பர்க் படையெடுப்பில் தந்தையுடன் சென்று, பிக் பிளாக் ஆற்றங்கரையிற் காலில் குண்டடி பட்டவன். இத்தகைய இடத்துக்குப் பிள்ளையை அழைத்துச் சென்றது சரியா என்று இன்றைய தாய்மார் கேட்பர். கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால் அந்தப் பிரெட்டே பிற்காலத்தில் தந்தையின் நோய்ப்படுக்கையருகே இரவும் பகலும் நின்றவன்.

1869 முதல் 1877 வரை கிராண்ட் ஜனாதிபதியாக இருந்தார். அவருடைய ஆட்சியில் ஊழல்கள் நிகழ்ந்தன. அவர் தாம் கைநீட்டாதவராயினும், நம்பத் தகாதவர்களை நம்பினார். இக்குணம் அவரை விட்டு நீங்கவே இல்லை. 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் அதற்குரிய விலையை அவர் கொடுக்க நேர்ந்தது.

மகன் பக், பெர்டினாண்ட் வார்ட் என்னும் இளைஞனுடன் கூட்டுச் சேர்ந்து நியூயோர்க்கிலே பணக்கொடுக்கல் வாங்கல் நிலையம் ஒன்றை நடத்தி வந்தான். கிராண்டும் தம் பணத்தை அதில் இட்டிருந்தார். உறவினர் பலரும் இட்டிருந்தனர். மே 4ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை வார்ட் வந்து, வங்கி ஒன்றைக் காப்பாற்ற உடனே பணம் வேண்டும் என்றான். கிராண்ட் நேரே செல்வர் வில்லியம் வாண்டர்பில்ட்டிடம் சென்று 150,000 டொலர் கடனாகப் பெற்று அவனிடம் கொடுத்தார். இரண்டு நாட்களில் நிலையம் வீழ்ந்தது. வார்ட் காட்டிய இலாபம் எல்லாம் வெறும் எழுத்துக் கணக்கு. புதியவர்கள் இட்ட பணத்தை எடுத்துப் பழையவர்களுக்கு வட்டியாகக் கொடுத்து வந்திருந்தான். இத்தகைய வித்தை உலகில் இன்னும் ஓயவில்லை என்பதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. வார்ட் பின்னர் சிறை சென்றான். ஆனால் அறுபத்திரண்டு வயதுக் கிராண்டும் மனைவி ஜூலியாவும் தங்கள் கையிலிருந்ததை எண்ணிப் பார்த்தபோது இருநூறு டொலர் அளவே இருந்தது.

முன்னாள் ஜனாதிபதிகளுக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஜனாதிபதியாகும் பொருட்டு இராணுவப் பதவியை விட்டுவிட்டமையால் கிராண்டுக்கு அவ்வழியிலும் வருவாய் இல்லை. வாண்டர்பில்ட் கடனை வற்புறுத்தவில்லை. கிராண்ட் தம்பதியரே பிடிவாதமாக, தங்கள் வீட்டு உறுதிகளையும், போரில் அவர் தாங்கிய வாள்களையும், உலகநாடுகள் அளித்த பரிசுகளையும் அவர் கையில் ஒப்படைத்தனர். அப்பொருட்கள் பின்னர் தேசத்துக்கு அளிக்கப்பட்டன. இக்காலத்தில் முன்பின் அறியாத ஒருவர் காசோலை ஒன்றை அனுப்பி, அது 1865 ஏப்ரிலில் முடிவுற்ற சேவைக்காகத் தாம் செலுத்த வேண்டிய பங்கு என்று எழுதியிருந்தாராம். அந்த ஒரு கடிதத்தைப் பெறுவதற்காகவேனும் ஒருவர் போர்வீரராய் இருந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

கையில் பணமில்லாக் கோடையில், கடற்கரை வீட்டில் இருந்தபோது, ஒருநாள் கிராண்ட் பீச் பழம் ஒன்றைக் கடித்தார். தொண்டையிற் சுரீரென்று வலி எழுந்தது. வண்டு கடித்ததோ என்று ஐயுற்றார். வலி நீங்கவில்லை. குடும்ப வைத்தியர் ஐரோப்பாவுக்குச் சென்றிருந்தபடியால் அவர் திரும்பும்வரை பொறுத்திருந்தார். அக்டோபர் மாதத்திலேதான் தொண்டை நோய் நிபுணரான டாக்டர் ஜோன் டக்ளஸ் அவரைப் பரிசோதித்தார். நாவின் அடியிலே புற்றுநோய். 1885 பெப்ரவரியில் நோயுற்ற தசையின் சிறு துண்டைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து அதனை உறுதி செய்தனர்.

இதற்கும் அவருடைய கீர்த்திக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1862இல் டொனல்சன் கோட்டையை அவர் பிடித்தபோது, வாயிற் சுருட்டுடன் நின்றார் என்று பத்திரிகைகள் எழுதின. மகிழ்ச்சி கொண்ட மக்கள் ஆயிரக்கணக்கான சுருட்டுகளைப் பெட்டி பெட்டியாக அனுப்பினர். அதுவரை அளவாய்ப் புகைத்தவர் அதன் பின் அளவின்றிப் புகைத்தார். அன்பினால் அனுப்பிய பொருளே நஞ்சாயிற்று. சுருட்டுத் தொழிலாற் பேர்பெற்ற யாழ்ப்பாணத்து அன்பர்கள் இதைச் சொன்னதற்காக நம்மைக் கோபித்தல் ஆகாது.

நோயின் தன்மை தெரிந்த பின், கிராண்டின் மனத்தில் ஒரே ஒரு கணக்குத்தான் இருந்தது. தாம் போய்விடுவார், ஜூலியா எதைக்கொண்டு வாழ்வாள்? ‘செஞ்சரி’ என்னும் சஞ்சிகை போர்க்கட்டுரை ஒன்றுக்கு 500 டொலர் தருவதாகக் கூறியிருந்தது. முதற் கட்டுரை அலுவலக அறிக்கைபோல் வறண்டிருந்ததாகவும், பத்திராசிரியர் வந்து பேச்சுக் கொடுத்து, வாயாற் சொன்னதை அப்படியே எழுதும்படி தூண்டியதாகவும் அறிகிறோம். கட்டுரை எழுத அஞ்சும் மாணவர்கள் இதைக் கவனிக்க. பின்னர் முழு நூல் எழுதும் பேச்சு எழுந்தது. சஞ்சிகையார் நூற்றுக்குப் பத்து வீதம் தருவதாக இருந்தனர். நண்பர் மார்க் ட்வெயின் அதைக் கேட்டுத் திடுக்கிட்டு, தம்முடைய பதிப்பகத்தின் மூலம் அதனிலும் பன்மடங்கு தர முன்வந்தார். கிராண்ட் நிகர இலாபத்தில் எழுபது வீதத்தை ஏற்றுக்கொண்டார். நூல் விலைபோகாவிடில் நண்பருக்கு நட்டம் வரலாகாது என்பதே அம்முறையை அவர் தேர்ந்தமைக்குக் காரணம். சாவின் வாயிலிலும் பிறர் நட்டத்தை எண்ணிய மனம் அது.

1885 பெப்ரவரி 27ஆம் திகதி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. அதற்குள்ளேயே பக்கங்கள் குவிந்திருந்தன. தண்ணீர் விழுங்குவது உருக்கிய ஈயத்தை விழுங்குவது போலிருக்கிறது என்றார். முந்தைய ஆண்டிலேதான் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்பவர் உணர்ச்சியை மரக்கச் செய்யும் மருந்தாகக் காட்டியிருந்த கொக்கெயினை வைத்தியர் தொண்டையிற் பூசுவார். மோர்பைன் சிந்தையை மயக்கி எழுத்தைக் கெடுக்கும் என்று அதைக் கூடுமானவரை குறைத்தார். தம் கையால் எழுதினார். முடியாதபோது சுருக்கெழுத்தாளரிடம் சொன்னார். பிரெட் பழைய கட்டளைகளையும் தேச வரைபடங்களையும் ஒப்புநோக்கித் திகதிகளைச் சரிபார்த்தான். மகள் நெல்லி இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்தாள். ஏப்ரில் மாதத்திற் பெரும் இரத்தப்போக்கு ஏற்பட்டு, பத்திரிகை நிருபர்கள் வீட்டெதிரே கூடி மரணச் செய்திக்குக் காத்திருந்தனர். அவர் எழுந்து மீண்டும் எழுத அமர்ந்தார். அந்நூலைப் பழைய உதவியாளர் ஒருவரே எழுதுகிறார் என்று பத்திரிகை ஒன்று கதை கட்டியபோது, நூல் முற்றும் தம்முடையதே என்று எழுதி வெளியிட்டார்.

ஜூன் 16ஆம் திகதி நகரத்து வெப்பத்தினின்று காப்பதற்காகக் குடும்பத்தார் அவரைப் புகையிரதத்தில் மக்கிரெகர் மலைக்கு அழைத்துச் சென்றனர். அங்கே நண்பர் ஒருவர் அளித்த மரவீட்டின் விறாந்தையிற் பிரம்புக் கதிரையில் அமர்ந்து, கடுங்கோடையிலும் தலையிற் கம்பளிக் குல்லாயும் கழுத்திற் சால்வையுமாக அவர் எழுதிக்கொண்டிருக்கும் படம் இன்றும் காணக் கிடைக்கிறது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் இரவில் எதிரெதிரே இட்ட இரண்டு தோற்கதிரைகளில் ஒன்றில் சாய்ந்து மற்றதிற் காலை நீட்டி உறங்கினார். மலைக்கு வந்த மக்கள் தொலைவிற் பாதையில் நின்று தொப்பியைக் கழற்றிச் செல்வர். அவர் கையை அசைப்பார்.

குரல் முற்றும் போய்விட்டது. வேண்டியதைச் சிறு தாள்களிற் பென்சிலால் எழுதிக் காட்டினார். டாக்டர் டக்ளசுக்கு எழுதிய ஒரு தாளில், தாம் ஒரு பிரதிப்பெயர் அல்லர் என்றும் வினைச்சொல்லே என்றும், இருத்தல், செய்தல், துன்புறுதல் ஆகிய மூன்றையும் தாமே குறிப்பதாகவும் வேடிக்கையாக எழுதியிருந்தார். இலக்கணத்தை இதைவிட உருக்கமாகப் படித்தவர் இலர் போலும்.

ஜூலை 10ஆம் திகதி ஒரு முதியவர் மலையேறி வந்தார். அவர் பெயர் சைமன் பக்னர். 1854இல் கையிற் காசின்றி நியூயோர்க்கில் நின்ற கிராண்டுக்கு உதவியவர் அவர். எட்டு ஆண்டுகளின் பின் பகைவர் பக்கத்துச் சேனாதிபதியாக டொனல்சன் கோட்டையைக் கிராண்டிடமே ஒப்படைத்துச் சரணடைந்தவரும் அவரே. ஒருவர் பேச, மற்றவர் தாளில் எழுத, இருவரும் நெடுநேரம் அமர்ந்திருந்தனர். நூலை அமெரிக்கப் போர்வீரனுக்கும் மாலுமிக்கும் கிராண்ட் உரிமையாக்கியிருந்தார். நம் பக்கத்தில் நின்று போர் புரிந்தவர் என்று தெளிவாக்கலாகாதா என்று பிரெட் கேட்டபோது, எதிர்த்து நின்றவர்களுக்கும் உரியது என்று தந்தை மறுத்துவிட்டார்.

ஜூலை மாத நடுவிற் கடைசித் திருத்தங்கள் முடிந்தன. அதன் பின் செய்வதற்கு வேலை இல்லை. 23ஆம் திகதி காலை எட்டு மணி கடந்து சில நிமிடங்களில், மனைவி மக்கள் சூழ்ந்திருக்க, அமைதியாக உயிர் பிரிந்தது. பிரெட் எழுந்து சென்று மாடத்தின் மேலிருந்த கடிகாரத்தை நிறுத்தினான். அவருடைய சட்டைப்பையில் ஜூலியாவுக்கு எழுதி வைத்த கடிதம் இருந்தது. நியூயோர்க்கில் நடந்த இறுதி ஊர்வலத்தில், பேழையுடன் சென்ற பெருமக்களுள் அவருடைய தோழர்களோடு பகைவராயிருந்த பக்னரும் ஜோன்ஸ்டனும் இருந்தனர்.

ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட அந்நூல் இரண்டு பாகங்களாக 1885 டிசம்பரிலும் 1886லும் வெளிவந்தது. இரண்டாம் பாகத்தின் அச்சுத்தாள்களைப் பிள்ளைதான் பார்த்து முடித்தான். பழைய போர்வீரர்கள் தங்கள் உடுப்பையும் பதக்கங்களையும் அணிந்துகொண்டு வீடு வீடாகச் சென்று நூலுக்குப் பெயர் பதிந்தனர். 1886 பெப்ரவரியில் ஜூலியாவின் கைக்கு வந்த முதற் காசோலை 200,000 டொலர். மொத்த வருவாய் அதனினும் இருமடங்குக்கு மேற்பட்டது. 1902இல் இறக்கும்வரை அவளுக்குக் குறைவிருக்கவில்லை.

கலினாவில் தந்தையோடு மல்லுக்கட்டிய கடைக்குட்டி ஜெசியும் முதுமையில் ஒரு நூல் எழுதினார். 1925இல் வெளிவந்த அதன் பெயர் ‘என் தந்தை ஜெனரல் கிராண்டின் நாட்களில்’ என்பது. ஜெனரல் என்னும் பட்டத்தின் முன்னே தந்தை என்னும் சொல்லை அவர் வைத்திருக்கிறார்.