துரு போகட்டும், மணி அடிக்கட்டும்

காஞ்சிபுரத்துப் பழைய பட்டுக்கடைப் பரண்ல கறுப்பு டயல் போன் கிடைச்சா, உள்ளே இருக்கறதைப் பிடுங்கிட்டு, பெயின்ட் அடிச்சு ஷோகேஸ்ல வைக்கிறாங்க. எனக்கு இது பிடிக்கல. சேலை ஆர்டர் பேசின போன் அது. மணி அடிச்சாத்தான் போன், இல்லாட்டி பொம்மை.

1948-ல பெங்களூருல தொடங்கின ஐ.டி.ஐ. செஞ்சதா இருக்கலாம். பேக்கலைட் கூடு துருப்பிடிக்காது. துரு ஏறுறது அடித்தகடு, திருகு இதுலதான். இறுகின திருகுக்கு, பம்புசெட் நட்டுக்கு நாங்க செய்யற மாதிரி, ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. சுத்தியல் ஆகாது, கூடு தெறிச்சிடும். தகட்டைத் தனியா கழட்டிப் புளித்தண்ணியில தேய்ச்சு, ஈரம் போகத் துடைச்சு எண்ணெய் தடவுங்க.

டயலுக்குத்தான் பொறுமை வேணும். சைபரைச் சுத்திவிட்டா, அது திரும்பி வரும்போது சரியா பத்துத் துடிப்பு போகணும். போச்சுன்னா, கூட்டுல இருக்கிற கீறலெல்லாம் அப்படியே இருந்துட்டுப் போகட்டும்.