எல்லாம் குருவிதானே?

"எல்லாம் குருவிதானே மச்சான்." கொம்பனித்தெருவில் பறவை பற்றிக் கதைக்கத் தொடங்கினால் இதுதான் பதில். காகம், புறா, குருவி. பட்டியல் முடிஞ்சுது. மிச்சமெல்லாம் சிங்கராஜவிலும் யாலவிலும் இருக்கிறதாம். அதை லட்சக்கணக்கில் லென்ஸ் வாங்கினவர்கள் பார்த்துக்கொள்வார்களாம்.

இரண்டும் பொய். இந்தப் பொய்யால் யாருக்கு வசதி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தக் 'குருவி'யைப் பிரித்துப் பார்ப்போம். தடித்த, கூம்பு மாதிரி அலகோடு சின்னப் பழுப்புப் பறவை ஒன்று புல்லில் இறங்கினால் அது மூன்று குடும்பங்களில் ஒன்றாக இருக்கலாம்: அடைக்கலக்குருவி, தூக்கணாங்குருவி, இல்லாவிட்டால் தினைக்குருவி. கடைசியைத் தமிழ்நாட்டுப் புத்தகங்கள் சில்லை என்கின்றன. விதை உடைத்துத் தின்கிற வாய்க்கு அப்படியான அலகுதான் சரிவரும். அதனால் ஒரே குடும்பமாக இல்லாமலே ஒரே மூக்கு. ஆங்கிலத்திலும் இதே கூத்துத்தான். 'குரோஸ்பீக்' என்றால் தடித்த அலகு. அந்தப் பெயரில் வட அமெரிக்காவில் இருக்கிற சில பறவைகள் ஃபிஞ்ச் குடும்பம், சில கார்டினல் குடும்பம். அலகை மட்டும் நம்பினால் இதுதான் நடக்கும்.

ஆகவே மற்றதையும் பார்க்க வேணும். ஆண் அடைக்கலக்குருவிக்கு உச்சந்தலை சாம்பல், தொண்டை கறுப்பு. புள்ளித் தினைக்குருவியின் வயிற்றில் மீன் செதில் போல வரிகள். எழும்பிப் பறக்கும்போது வாலுக்கு மேலே வெள்ளைத் திட்டு மின்னினால் அது வெண்முதுகுத் தினைக்குருவி. லேசாக இருக்கிறதா? பொறுங்கள். தினைக்குருவிக் குஞ்சுகளுக்குச் செதிலும் இல்லை, ஒன்றும் இல்லை, வெறும் பழுப்பு. கூடு கட்டும் காலம் முடிந்தால் ஆண் தூக்கணாங்குருவியும் மஞ்சள் தொப்பியைக் கழற்றிவிட்டுப் பெண் அடைக்கலக்குருவி மாதிரியே நிற்கும். அப்போது எங்கே நிற்கிறது, யாரோடு நிற்கிறது, என்ன தின்கிறது என்று நின்று பார்க்காமல் ஒன்றும் சொல்ல ஏலாது. மேர்லின் செயலி இடத்தையும் திகதியையும் வைத்துப் பெயர்களைத் தரும், நல்ல விஷயம்தான். ஆனால் ஃபோன் சொன்ன பெயரை நிமிர்ந்தும் பார்க்காமல் ஸ்டோரியில் போடுகிற ஆளைவிட, "தெரியாது" என்று கொப்பியில் எழுதுகிற ஆளைத்தான் நான் நம்புவேன்.

"வாடகை கட்ட வழியில்லை, இதில குருவியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் வாடகைப் பிரச்சினையும் குருவிப் பிரச்சினையும் இந்தத் தெருவில் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன. அடைக்கலக்குருவி கூடு வைப்பது ஓட்டு இடுக்கிலும் சுவர் ஓட்டையிலும், வீட்டுக்காரர் கட்டித் தொங்கவிடுகிற முட்டியிலும். அது வந்தால் வீட்டுக்கு நல்லது என்று நம்புகிற சனம் இந்த நாட்டில் இன்னும் இருக்கிறது. 2010இல் மியூஸ் வீதி வீடுகளை இடித்தார்கள். பிறகு பேர வாவியைச் சுற்றிக் கண்ணாடிக் கோபுரங்கள் எழும்பின. கண்ணாடியில் இடுக்கு ஏது? கொழும்பின் எத்தனையோ தோட்டங்களைக் கோப்புகளில் 'வசதி குறைந்த குடியிருப்பு' என்று ஒரே சொல்லில் அடக்கினார்கள். மலாய் வீடு, முஸ்லிம் வீடு, தமிழ் வீடு, சிங்கள வீடு எல்லாம் அதற்குள் ஒன்றுதான். பறவைகளுக்கு அந்த வேலையை அதிகாரசபை செய்யத் தேவையில்லை. நாங்களே 'குருவி' என்று செய்து கொடுத்துவிட்டோம். மூன்றில் ஒன்று காணாமல் போனாலும் "குருவி இருக்குத்தானே" என்று இன்னொன்றைக் காட்டிவிடலாம்.

2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. சான்றிதழ் பத்திரமாக இருக்கும். அந்த ஈரநிலத்துப் புல்லில் விதை பொறுக்குவது எது என்று தமிழில் சொல்லக்கூடிய இளைஞர் எத்தனை பேர்?

கெமரா வேண்டாம். காலையில் பத்து நிமிஷம், ஒரு கொப்பி. திகதி, இடம், அலகு, தொண்டை, வயிறு, எத்தனை. அடுத்த கோபுரத்துக்கு வரைபடத்தோடு ஆட்கள் வரும்போது, இந்த ஒழுங்கையில் எத்தனை சோடி கூடு கட்டியது என்று காட்ட எங்கட கையில் ஏதாவது இருக்கட்டும்.