வண்டிக்கு சர்வீஸ், நமக்கு?

எனக்கு வயது 36. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டுப்போய், 2019ல் ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் உறைந்து கட்டிக் கொள்ளாமலிருக்க, ஆயுசு முழுக்க தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும்.

மாத்திரை மட்டும் போதாது. மாதம் ஒருமுறை, 'ஐ.என்.ஆர்.' என்ற ரத்தப் பரிசோதனையும் செய்யணும். இந்த மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு அது 1ஐ ஒட்டி இருக்கும். எனக்கு, 2.5 முதல் 3.5க்குள் இருக்க வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. குறைந்தால், ரத்தம் கட்டி பக்கவாதம் வரலாம், கூடினால், ரத்தக்கசிவு.

போன வருடம் நாத்தனார் கல்யாணம், பையனின் ஸ்கூல் பீஸ் என்று, மூன்று மாதம் லேப் பக்கமே போகவில்லை. 'நல்லாத்தானே இருக்கோம், அடுத்த மாசம் பாத்துக்கலாம்' என்று நினைத்தேன். போதாக்குறைக்கு, இடுப்பு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் நானே மாத்திரை வாங்கிப் போட்டேன். ஒருநாள் பல் தேய்க்கும்போது ஈறில் வந்த ரத்தம் நிற்கவே இல்லை. எங்கும் இடிக்காமலே கையெல்லாம் நீலமாய் கன்றியிருந்தது. பரிசோதித்தால், 7க்கு மேல்!

'தலைக்குள்ள கசிஞ்சிருந்தா என்னம்மா பண்ணுவீங்க?' என்று டாக்டர் கடிந்து கொண்டார். வலி மாத்திரை சிலவும் ரத்தக்கசிவை அதிகமாக்குமாம். கேட்காமல் எதையும் போடக் கூடாதாம். கீரையை ஒதுக்க வேண்டாம். ஆனால், ஒரு வாரம் தினமும் முருங்கைக் கீரை, மறுவாரம் ஒன்றுமே இல்லை என்று இருக்காமல், ஒரே அளவாகச் சாப்பிடச் சொன்னார். அதிலுள்ள வைட்டமின் 'கே', மாத்திரையின் வேகத்தைக் குறைக்குமாம்.

வீட்டில் யாரும் என்னைத் தடுக்கவில்லை. நான் சொல்லவே இல்லை என்பதுதான் உண்மை. கணவரின் வண்டி சர்வீஸ் தேதி, காஸ் புக் பண்ணும் தேதி எல்லாம் மனப்பாடம். என் தேதி மட்டும் மறந்து போகிறது. நம் செலவு என்றால், நாமேதான் முதலில் தள்ளிப் போடுகிறோம்.

இப்போது மாதக் காலண்டரில் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். 'அம்மா, நாளைக்கு ரத்தம் குடுக்கணும்' என்று மகனே நினைவுபடுத்துகிறான்.

இந்த மாத்திரை சாப்பிடும் சகோதரிகளே... மளிகை லிஸ்டுக்கு முன், உங்கள் பரிசோதனைக்கு பணத்தை எடுத்து வையுங்கள். நாம் படுத்துவிட்டால், அந்த வீட்டில் எது நடக்கும், சொல்லுங்கள்!

– ஒரு வாசகி, திண்டுக்கல்.