குழப்படியா, கவனக் குறைபாடா?



வத்தளை, ஹெந்தளைப் பக்கம் வீடு வீடாகப் போகும்போது, வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த தாய்மாரிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "மிஸ், இவன் பத்து நிமிசம் ஓரிடத்தில் இருக்கமாட்டான். ரீச்சர் ஒவ்வொரு கிழமையும் கூப்பிடுகிறா." பிறகு சிலர் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "நான் ஷெல்லடிக்குள் ஓடித் திரிந்தவள். அந்தப் பயந்தான் பிள்ளைக்கு வந்துவிட்டதோ?"

இந்தக் கேள்வியால் உங்களை நீங்களே வதைக்க வேண்டாம். ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாடு மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. அதில் பரம்பரைக்குப் பெரிய பங்குண்டு. வளர்ப்புப் பிழையால் அது வருவதில்லை. 1902ஆம் ஆண்டிலேயே ஜோர்ஜ் ஸ்டில் என்ற சிறுவர் வைத்தியர் லண்டனில் இப்படியான பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியிருக்கிறார்.

ஆனால் பயமும் துயரமும் கூடக் கவனத்தைக் குலைக்கும். வித்தியாசத்தைக் கவனியுங்கள். ஏடிஎச்டி 12 வயதுக்கு முன்பே தெரியும். ஆறு மாதங்களுக்கு மேலாக, வீட்டிலும் பாடசாலையிலும் இருக்கும். ஒரு சம்பவத்துக்குப் பிறகு திடீரென மாறி, கெட்ட கனவு கண்டு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும் பிள்ளைக்கு வேறு உதவி தேவைப்படலாம். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். துள்ளித் திரியாமல், யோசனையிலேயே இருக்கும் பெண்பிள்ளைகளைப் பலர் கவனிப்பதில்லை. கண், காது, நித்திரை ஆகியவற்றையும் பரிசோதிக்க வேண்டும். முடிவு சொல்ல வேண்டியவர் வைத்தியர்தான். அயலவரோ நானோ அல்ல.

வீட்டில் செய்யக்கூடியவை சில:

குசினியிலிருந்து கூப்பிடாமல், பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்லுங்கள்.

ஐந்து கணக்கு செய்ததும் எழும்பி, தண்ணீர் குடித்துவிட்டு வரட்டும். பிறகு அடுத்த ஐந்து.

படிக்கும்போது அருகில் இருங்கள். நீங்கள் கீரை ஆய்ந்தாலும் சரி, உடுப்புத் தைத்தாலும் சரி. பக்கத்தில் ஒருவர் அமைதியாக வேலை செய்தால் பலருக்குக் கவனம் நிலைக்கும்.

புத்தகப் பையை இரவே அடுக்குங்கள். செய்து முடித்ததை அந்த நேரத்திலேயே பாராட்டுங்கள்.

ஆசிரியரிடம் முன்வாங்கில் இருத்தும்படி கேளுங்கள். அடித்துத் திருத்தச் சொல்லாதீர்கள். அடியால் கவனம் வராது, பயம்தான் வரும். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005இல் 17ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது.

வத்தளையில் இருப்பவர்களுக்கு ராகமையில் உள்ள கொழும்பு வடக்கு போதனா வைத்தியசாலை கிட்ட உள்ளது. பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கும் போகலாம். மருந்து எல்லாப் பிள்ளைக்கும் தேவைப்படாது. தந்தால், வைத்தியரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அடுப்பில் வைத்ததை மறப்பது, தொடங்கிய வேலையை முடிக்க முடியாமல் தவிப்பது சோம்பலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பெரியவர்களுக்கும் ஏடிஎச்டி உண்டு. போரின் நினைவுகளும் இப்படிச் செய்யும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். பிள்ளைக்காக வைத்தியசாலைக்குப் போகும் நாளில் உங்கள் கதையையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.